வெறும் வட்டம்

ஒலிப்படம் வாசிக்க உட்காரும்போது புனிதவதி இரண்டு காதுகளிலும் பஞ்சு வைத்துக்கொள்வாள். பதிவைக் கேட்க மாட்டாள். யார் பேசியது, என்ன வழக்கு, எங்கிருந்து வந்தது என்று அறையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. யாராவது சொல்லிவிட்டால் அந்தப் படத்தை அவள் தொட மாட்டாள். பக்கத்து அறையில் இருக்கும் இன்னொருவருக்குப் போய்விடும்.

அரசின் குரல் ஆய்வகத்தில் அதுதான் வழக்கம். படம் என்றால் பேச்சின் படம். நேரம் இடமிருந்து வலமாக ஓடும். தாழ்ந்த ஓசை கீழே, கீச்சு ஓசை மேலே. எங்கே ஓசை வலுக்கிறதோ அங்கே தாள் கறுக்கும். பழகாத கண்ணுக்கு மழைநீர் வழிந்த சுவர் மாதிரி இருக்கும். புனிதவதிக்கு அது எழுத்து. உயிரெழுத்துகள் கறுத்த பட்டைகளாக மிதக்கும். 'ப' வரும்போது வாய் மூடும் இடத்தில் தாள் வெளுத்து, பிறகு ஊசியால் கீறினாற்போல் ஒரு நெட்டுக்கோடு விழும். 'ச' என்றால் மேல்பாதியில் புகை. 'ழ' வரும்போது மேல் பட்டை ஒன்று தலை குனிந்து கீழ்ப் பட்டையைத் தொடப் பார்க்கும்.

கேட்டாலே புரியுமே, எதற்குப் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்கள் கேட்பார்கள். காது எல்லாவற்றையும் ஒரே மடக்கில் குடித்துவிடும். மோட்டார் சத்தம், மழை, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி எல்லாம் ஒரே சத்தம். கண் அப்படியில்லை. படத்தில் மோட்டார் குறுக்கே ஓடும் கம்பிகளாகத் தெரியும். கம்பிகளுக்கு நடுவே மனிதக் குரல் நெளிந்து போவதைக் கண் தனியே பிரித்து எடுத்துவிடும், சில சமயம்.

அந்தச் சில சமயத்தைத்தான் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

வாசிக்க முடியாத இடத்தில் புனிதவதி பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம் போடுவாள். உள்ளே ஒன்றும் எழுதாத வெறும் வட்டம். இரண்டு பேர் இரண்டு அறைகளில் தனித்தனியே வாசித்து, இருவரும் ஒத்துப்போகாத இடத்திலும் வட்டம்தான். அவளுடைய தாள்களில் எழுத்தைவிட வட்டங்கள் அதிகமாக இருந்த நாட்களும் உண்டு. ஒருமுறை புதிதாக மாற்றலாகி வந்த காவல் அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ன மேடம், கோலம் போட்டு அனுப்பியிருக்கீங்க?"

"புள்ளி மட்டும்தான் சார் நான் வெப்பேன். கோடு நீங்க இழுத்துக்கறீங்க."

அவர் சிரிக்கவில்லை.

பரணிதரன் வந்தது அவள் ஓய்வுபெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு. ஒரு தனியார் நிறுவனத்தின் பொறியாளர். அவளுடைய கண்ணைக் கணினிக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவன் வேலை. அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கோட்டுக்கும் ஏன், ஏன் என்று கேட்டான். அவள் கண் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, எங்கே திரும்பி வருகிறது என்பதை ஒரு கேமரா பதிவு செய்தது. தனக்குத் தெரியாமலே தான் செய்கிறவற்றை அவன் வாயிலிருந்து கேட்டபோது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. தூக்கத்தில் பேசியதை மறுநாள் காலையில் யாரோ சொல்லிக் காட்டுவது போல.

இயந்திரத்துக்கு நிறுவனம் ஏதோ பெரிய பெயர் வைத்தது. அலுவலகத்தில் எல்லோரும் 'சின்ன மேடம்' என்றே சொன்னார்கள். முதலில் வந்த சின்ன மேடம் அவளைப் போலவே வட்டம் போட்டது. பரணிதரன் அதைக் காட்டியபோது பெற்ற பிள்ளை நடந்ததைக் காட்டுகிறவன் முகம் அவனுக்கு. வாங்க வந்த துறைகள் அதைத் திருப்பி அனுப்பின. பாதி வட்டமாக வரும் பொருளுக்கு யார் பணம் தருவார்கள்.

"மேடம், இந்த வட்டத்துக்கு ஒரு வழி பண்ணணும்," என்றான் ஒருநாள்.

"என்ன வழி?"

"கட்டாயம் சொல்லியே ஆகணும்னா என்ன சொல்வீங்க? சும்மா ஒரு யூகம். தப்பா இருந்தாலும் பரவாயில்ல."

"யூகம் சொல்றதுக்குக் கண்ணு எதுக்கு? வாயே போதும்."

"அப்ப வாயாலயே சொல்லுங்க."

சொன்னாள். அவன் அத்தனை காலம் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததற்காகச் சொன்னாள். அவளுக்கும் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. பழைய தாள்களை எடுத்து, வட்டத்துக்கு வட்டம், மனதில் முதலில் வந்ததைச் சொல்லிக்கொண்டே போனாள். பிறகு விசாரணையில் உண்மை வெளிப்பட்ட வழக்குகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவள் யூகங்களில் பெரும்பாலானவை சரியாக இருந்தன.

நிறுவனத்தில் கைதட்டினார்கள். அடுத்து வந்த சின்ன மேடம் வட்டமே போடவில்லை. நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு வாசிப்பும் தானாகவே அதற்குப் பாடமாகப் போய்ச் சேர்ந்தது. மற்ற பாடங்களை அது சந்தேகிக்கலாம், நீதிமன்றம் ஏற்றதைச் சந்தேகிக்கக் கூடாது என்று ஏற்பாடு.

புனிதவதி ஓய்வுபெற்ற பிறகு இரண்டாவது அறை தேவைப்படவில்லை. அங்கே உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டிவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள்.

*

வழக்கறிஞர் அருமைநாதன் ஆதம்பாக்கத்தில் அவளுடைய வீட்டைத் தேடி வந்தபோது கூட ஒரு ஆளையும் அழைத்து வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். பெயர் தணிகாசலம். கடலூர்ப் பக்கம் ஒரு ரசாயன ஆலையில் கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டராக இருந்தவர். ஜாமீனில் வந்திருந்தார்.

"மேடம், ஒரு ஒலிப்படம்," என்றார் அருமைநாதன். "டேங்க்ல எறங்கிக் கழுவிட்டிருந்த ஆளு, வாக்கி டாக்கில 'உள்ள இருக்கேன், தொறக்காதீங்க'ன்னு கூப்ட்டிருக்கான்னு மெஷின் சொல்லுது. நாம என்ன சொல்லணும்னா..."

புனிதவதி கையை உயர்த்தினாள். அவர் நிறுத்தினார்.

"சொல்லாதீங்கன்னு சொல்றதுக்குள்ள சொல்லிட்டீங்களே."

"எதை?"

"படத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி பதிலச் சொல்லிட்டீங்க. மேகத்துல யானை இருக்குன்னு ஒருத்தர் சொல்லிட்டா அப்புறம் யானைதான் தெரியும் சார். வெறும் மேகம் தெரியாது."

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர் பாவமாக. "எல்லாருமே முதல்ல அதைத்தான கேக்கறாங்க."

அவள் எழுந்து உள்ளே போய்க் காப்பி போட்டாள். திரும்பி வந்து கதை முழுவதையும் சொல்லச் சொன்னாள். இனி மறைக்க ஒன்றும் இல்லை.

ஏழுமலை என்ற ஒப்பந்தத் தொழிலாளி ஒரு பெரிய தொட்டிக்குள் இறங்கியிருந்தார். தொட்டிக்குக் காற்று ஊத ஒரு புளோயர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வெளியே வந்துவிட்டார் என்று நினைத்துத் தணிகாசலம் ஸ்டீம் குழாயைத் திறந்தார். அதற்குச் சற்று முன் ஏழுமலையின் வாக்கி டாக்கியிலிருந்து கண்ட்ரோல் ரூமுக்கு ஒரு அழைப்பு வந்தது. பதிவில் அது இருக்கிறது. புளோயர் இரைச்சல் மட்டும்தான் கேட்டது என்கிறார் தணிகாசலம். யார் கேட்டாலும் இரைச்சல்தான் கேட்கிறது. ஆலை நிர்வாகம் அதைப் படமாக்கிச் சின்ன மேடத்திடம் கொடுத்தது. மூன்று வார்த்தைகள் வந்தன. எச்சரித்தும் திறந்து ஏழுமலையின் உயிரைப் போக்கியிருக்கிறான் என்று வழக்கு.

புனிதவதி பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

குறுக்கே கம்பி கம்பியாகப் புளோயர். நடுவில் ஒரு கறுப்புத் திட்டு. அதன் இடப்பக்கம் பட்டை போல ஒன்று குனிகிறது. 'உள்ள' என்றால் அப்படித்தான் குனிய வேண்டும். ஆனால் புளோயரின் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று உரசினாலும் அப்படிக் குனியும். மற்ற இரண்டு வார்த்தைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஈரச் சுவர்தான் இருந்தது.

வெகுநேரம் பார்த்தாள். தணிகாசலம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அருமைநாதன் காப்பியின் ஆடையை விரலால் ஒதுக்கி, பிறகு அந்த விரலை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

அவள் பென்சிலை எடுத்து, திட்டைச் சுற்றி வட்டம் போட்டாள். ஒரு காதுப் பஞ்சை மட்டும் எடுத்தாள்.

"அப்படின்னா?" என்றார் வழக்கறிஞர்.

"தெரியலன்னு அர்த்தம்."

"பேச்சு இல்லன்னு சொல்லலாமா?"

"அதுவும் தெரியல."

தணிகாசலம் முதல்முறையாக வாய் திறந்தார். "எனக்கும் அப்படித்தான் மேடம். இரைச்சல். அவ்வளவுதான் கேட்டுச்சு. ஆளு பேசறாருன்னு தெரிஞ்சா கை வெப்பனா?"

அருமைநாதன் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"மேடம், நான் மறைக்காம சொல்லிடறேன். இந்த வட்டத்தை வெச்சுக்கிட்டு நான் கோர்ட்ல நிக்க முடியாது. அவங்க என்ன கேப்பாங்க? இந்த மெஷின் யாரு? நீங்கதான். நீங்க களைச்சுப் போவீங்க, அது களைச்சுப் போகாது. வட்டம் போட்ட எடத்துல எல்லாம் நீங்களே யூகம் சொல்லியிருக்கீங்க, அது முக்காவாசி சரியா இருந்திருக்கு. அப்பறம் உங்க 'தெரியல'வை யாரு நம்புவா?"

"நம்பலன்னா?"

"இவரு உள்ள போவாரு. கம்பெனி கையக் கழுவிட்டுப் போயிடும்." கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "இன்னொரு வழி இருக்கு. வார்த்தை இருக்குன்னு ஒத்துக்கங்க. ஆனா அது கண்ணுக்குத்தான் தெரியும், அந்தப் புளோயர் இரைச்சல்ல எந்தக் காதுக்கும் கேட்டிருக்காதுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா அது நிக்கும். இவரு வெளிய வந்துடுவாரு. கேக்காத வாக்கி டாக்கியக் குடுத்த கம்பெனிதான் அப்பறம் பதில் சொல்லணும். ரெண்டாவது பாதி உண்மைதான?"

"உண்மைதான். அந்த இரைச்சல்ல எதுவும் கேக்காது."

"அப்பறம் என்ன மேடம்? ஒரே ஒரு வட்டம்."

 அவள் இன்னொரு காதிலிருந்த பஞ்சையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். வாசலில் கீரைக்காரியின் குரல் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

"நான் பாத்ததத்தான் சார் சொல்வேன்," என்றாள் கடைசியில்.

தணிகாசலம் எழுந்து கும்பிட்டார். படியிறங்கும்போது அவர் வழக்கறிஞரிடம், "மேல போட்டு அழுத்தாதீங்க சார், அவங்க சொல்றது சரிதான்" என்று சொன்னது அவளுக்குக் கேட்டது. கேட்காமல் இருந்திருக்கலாம்.

*

சாட்சி சொல்லப் போன அன்று நீதிமன்ற வராந்தாவில் நல்ல கூட்டம். புனிதவதி தூண் ஓரமாக நின்றிருந்தாள். ஒரு பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்து, பிறகு வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கலாம். வெறும் நெற்றி.

"நீங்கதான் படம் பாக்கறவங்களாம்மா?"

"ஆமா."

"நான் ஏழுமலை சம்சாரம். அஞ்சலாட்சி."

புனிதவதி தூணிலிருந்து விலகி நின்றாள். அந்தப் பெண்ணே பேசினாள்.

"நீங்க வந்து அவரு ஒண்ணும் பேசலன்னு சொல்லப் போறீங்கன்னு சொன்னாங்க. அப்படியாம்மா?"

"பேசலன்னு சொல்லல. என்னால படிக்க முடியலன்னுதான்..."

"எனக்கு அதெல்லாம் வெளங்காதும்மா. அவரு பேசவே மாட்டாரு. கல்யாணமான புதுசுல ஊமைக்கிக் கட்டிக் குடுத்துட்டாங்கன்னு எங்கம்மாகிட்டச் சண்ட போட்டன். சோறு வேணும்னாகூடத் தட்ட எடுத்து முன்னால வெச்சிக்குவாரு. அவ்ளோதான்." அவள் சிரிப்பது போல இருந்தது. "டேங்குலருந்து எடுத்தப்ப நான் மொகத்தப் பாக்கல. பாக்க உடல. கத்தினாரா, கூப்ட்டாரா, சும்மா கெடந்தே போயிட்டாரான்னு நெனச்சி நெனச்சித் தூக்கமே வராது. அப்பறம்தான் இந்த மிஷினு சொன்னது தெரிஞ்சிது. கூப்ட்டிருக்காரு. உள்ள இருக்கேன்னு சொல்லியிருக்காரு. அந்த மனுசன் அதச் சொன்னதே பெரிசு. அன்னிக்கித்தான் தூங்கினன்."

"அந்த ஆபரேட்டர் மேல உங்களுக்குக் கோவம் இல்லையா?"

"யாரு மேல கோவப்பட்டு என்னா ஆவப்போவுது. அவரும் புள்ளகுட்டிக்காரரு." பையிலிருந்து மடித்த தாளை எடுத்தாள். அதே படம். மடிப்புகள் நைந்திருந்தன. "இதுல எங்கம்மா பேசறாரு? யாருக்கும் காட்டத் தெரியல. நீங்க ஒரு தடவ காட்டிடுங்க. அப்பறம் உள்ள போயி உங்க இஷ்டம்போலச் சொல்லிக்குங்க."

புனிதவதி தாளை வாங்கினாள். வராந்தாவில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். டவாலி குறுக்கே போனார். அஞ்சலாட்சி அவளுடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரல் கறுப்புத் திட்டின் மேல் போய் நின்றது.

"இங்க," என்றாள் புனிதவதி. "இங்கருந்து ஆரம்பிக்கிறாரு."

"இங்கியா? இந்த எடமா?"

"இது 'உள்ள'. இது 'இருக்கேன்'."

அஞ்சலாட்சி அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் துடைத்தாள், அழுக்கு இருந்ததால் அல்ல.

வட்டம் அங்கே, அந்த வராந்தாவில்தான் நிரம்பியது. உள்ளே போய்ச் சொன்னது அதன் மிச்சம்.

அரசு வழக்கறிஞர் கேட்டார்: "இயந்திரத்தின் வாசிப்போடு நீங்கள் உடன்படுகிறீர்களா?"

"உடன்படுகிறேன்."

அவர் முகம் மலர்ந்தது. அருமைநாதன் எழுந்தார். அந்த இரைச்சலில் ஒரு மனிதக் காதுக்கு இந்த வார்த்தைகள் கேட்டிருக்குமா?

"கேட்டிருக்காது. கண்ணுக்குத்தான் தெரியும்."

"பதிவைப் பத்து முறை கேட்டாலும்?"

"நூறு முறை கேட்டாலும்."

நடுவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். எத்தனை வருட அனுபவம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். யூகத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவளும் இயந்திரமும் ஒன்றையே சொன்னபோது கேட்க என்ன இருக்கிறது.

*

தணிகாசலம் விடுதலையானார். வழக்கு ஆலையின் பக்கம் திரும்பியது. அருமைநாதன் தொலைபேசியில், "தெய்வம் மாதிரி வந்தீங்க மேடம்" என்றார். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

அஞ்சலாட்சி ஒரு புகைப்படம் அனுப்பினாள். அவள் வீட்டுச் சுவர். மாலை போட்ட ஏழுமலையின் படம். அதன் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள், அந்த ஒலிப்படம். புனிதவதி காட்டிய இடத்தில் கண்ணாடிமேல் வட்டமாகக் குங்குமம் வைத்திருந்தது. புனிதவதி அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வேண்டுமென்றே பார்க்கவில்லை, கண் தானாகப் போனது. குங்குமத்துக்கு இடப்பக்கம் பட்டை குனிவது முன்பைவிடத் தெளிவாக இருந்தது.

பலாச் சீசன் ஆரம்பித்தபோது தணிகாசலம் பண்ருட்டிப் பழம் ஒன்றைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். உட்காரச் சொன்னாள். அதே நாற்காலியின் அதே நுனி.

"வேலைக்குப் போறீங்களா?"

"இல்லிங்க மேடம். புளோயர் சத்தம் ஆவல."

அவள் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அன்னிக்கி எனக்கு இரைச்சல்தான் கேட்டுச்சு. சத்தியமா. நீங்க கோர்ட்ல சொன்னீங்களே, வார்த்தை இருக்கு, காதுக்குக் கேக்காதுன்னு?"

"சொன்னேன்."

"இப்பக் கேக்குது மேடம்."

சமையலறையில் குழாய் சொட்டியது.

"வூட்ல மிக்ஸி போட்டா கேக்குது. பஸ்ல பின் சீட்ல உக்காந்தா கேக்குது. உள்ள இருக்கேன், தொறக்காதீங்க. அந்தாளு குரல் எனக்கு நல்லாத் தெரியும், ரெண்டு வருசம் பழக்கம். அவரு குரல்லியே கேக்குது. இருந்திருக்கு, எங்காதுலதான் ஏறல. என் தப்புதானே?" அவர் நிமிர்ந்தார். "சும்மா சொல்லல, நீங்க எனக்கு உசுரு குடுத்தவங்க. ஆனா உள்ளயே போயிருந்தா இது கேட்டிருக்காதோன்னு தோணுது."

அவளால் அப்போது சொல்லியிருக்க முடியும். அப்படி ஒரு வார்த்தை இருந்ததா என்று எனக்குத் தெரியாது, நான் பார்த்தது ஈரச் சுவர்தான் என்று. சொல்லியிருந்தால் அவருடைய மிக்ஸி வெறும் மிக்ஸியாகியிருக்கும். ஆனால் இந்தப் பக்கம் அவரை இறக்கிவிட்டால் அந்தப் பக்கம் கண்ணாடிச் சட்டம் கீழே விழும். அதற்குள் ஏழுமலை மறுபடியும் ஊமையாவார்.

"தண்ணி குடிங்க," என்றாள்.

அவர் குடித்துவிட்டுப் போனார். பழத்தை அவள் அரியவில்லை. வீடு முழுவதும் மணத்துக்கொண்டிருந்து, பிறகு அழுகியது.

*

மழைக்காலம் தொடங்கிய ஒரு மதியம் பரணிதரன் வந்தான். தலைமுடி முன்பக்கம் ஏறியிருந்தது. எதுவும் பேசவில்லை. பையிலிருந்து இரண்டு படங்களை எடுத்து மேசைமேல் பக்கம் பக்கமாக வைத்தான். எதிலும் பெயரில்லை, எண்ணில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து புதுப் பஞ்சுப் பொட்டலம் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "ஞாபகம் வெச்சிருக்கியே."

"மறக்குமா மேடம். முதல் நாளே வெளிய துரத்துனீங்க."

"கேஸு பேரைச் சொல்லிக்கிட்டே உள்ள வந்தா?"

அதற்கு மேல் அவன் பேசவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். முகத்தைக்கூடக் காட்டக் கூடாது என்று கற்றுக்கொடுத்திருந்தாள். அதையும் மறக்கவில்லை.

பஞ்சை வைத்துக்கொண்டாள். மழைச் சத்தம் தூரப் போனது. இரண்டு படங்களிலும் குறுக்கே கம்பிகள். பார்த்த கணமே எந்த இடம் என்று தெரிந்துவிட்டது. மனதை ஒதுக்கிவைத்துவிட்டுக் கண்ணை மட்டும் விட்டாள். கண் சிரமப்படவில்லை. பழகிய தெருவில் நடக்கிற மாதிரி போனது.

பஞ்சை எடுத்தாள்.

"கடலூர் புளோயர்தான?"

அவன் திரும்பவில்லை. "என்ன தெரியுது, அதை மட்டும் சொல்லுங்க மேடம்."

"ரெண்டுலயும் ஒரே பேச்சு. உள்ள இருக்கேன், தொறக்காதீங்க. முதல் படத்துல குரல் கொஞ்சம் தூரமா இருக்கு. ரெண்டாவதுல தெளிவாவே இருக்கு. 'தொறக்காதீங்க' முழுசா விழுந்திருக்கு. வட்டமே தேவையில்ல."

 மழை ஜன்னல் கம்பிகளில் கோத்துக்கொண்டு நின்றது.

"ரெண்டாவது போன வாரம் எடுத்தது," என்றான். "வாக்கி டாக்கி நல்லாத்தான் இருக்குன்னு காட்டறதுக்கு அந்த ஆலைக் கம்பெனியே எடுத்தாங்க. அதே டேங்க், அதே புளோயர். வாக்கி டாக்கியக் கயித்துல கட்டி உள்ள தொங்க விட்டிருக்காங்க."

"உள்ள யாரு?"

"யாரும் இல்ல மேடம். டேங்க் காலி."

புனிதவதி இரண்டாவது படத்தைக் கையில் எடுத்தாள்.

"சின்ன மேடமும் இதையேதான் சொல்லுது," என்றான் பரணிதரன். "இது மட்டும் இல்ல. உங்க சாட்சி கோர்ட்ல ஏத்துக்கிட்ட பாடம். அதைச் சந்தேகப்படக் கூடாதுன்னு நாமதான் வெச்சோம். இப்ப எந்த புளோயரக் காட்டினாலும் உள்ள ஒரு ஆளு இருக்கான்னு சொல்லுது. மாவு மில்லக் காட்டினேன். அங்கயும் ஏழுமலைதான்."

"ஆலைக் கம்பெனிக்குத் தெரியுமா?"

"ஆள் பேசறதுக்கு முன்னாடி வெறும் இரைச்சல அளக்க எடுத்தது மேடம். டேங்க் காலின்னு அவங்களுக்குத் தெரியும், மெஷின் படிச்சதும் தெரியும். அடுத்த வாய்தால ரெண்டு படத்தையும் வெப்பாங்க. காலி டேங்க்லயும் பேச்சு வருதுன்னா, அன்னிக்குப் பேச்சே இல்லன்னு ஆயிடும். கேக்காத வாக்கி டாக்கின்னு அவங்க மேல இருக்கற கேஸும் போயிடும். ஏழுமலை பொஞ்சாதி கோர்ட்டுக்கு வருவாங்கல்ல மேடம்?"

"எல்லா வாய்தாவுக்கும் வருவா."

அவன் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தான். குரல் தாழ்ந்தது.

"அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தாள்ல போட்டுக் குடுங்க. ரெண்டு படத்துலயும். அன்னிக்கு நீங்க முதல்ல போட்ட மாதிரி. படிக்க முடியல, அவ்வளவுதான். பேசலன்னும் இல்ல, பேசினாருன்னும் இல்ல. அந்தம்மாவுக்குப் பாதியாவது மிஞ்சும். வட்டத்த நான் மறுபடியும் மெஷின்ல கொண்டு வந்துடுவேன் மேடம். வேலை போனாலும் பரவாயில்ல."

பென்சிலைச் சீவி அவள் கையில் கொடுத்தான்.

அவள் முதல் படத்தின் மேல் பென்சிலை வைத்தாள். பட்டை குனிந்தது. 'உள்ள'. இரண்டாவது படத்துக்கு நகர்த்தினாள். யாருமில்லாத தொட்டிக்குள் கயிற்றில் தொங்கும் கருவியை மனதில் கொண்டுவந்து நிறுத்தினாள். காலி, காலி என்று சொல்லிக்கொண்டாள். தாளைத் தலைகீழாகத் திருப்பினாள். தூரப் பிடித்தாள். ஈரச் சுவர் எங்கும் இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் அவர் பேசிக்கொண்டிருந்தார், பொறுமையாக, தட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொள்கிற மனிதன் பேசுகிற மாதிரி.

அன்று தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னாள். இன்று தெரிவதைத் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். அதுதான் உண்மையாக இருக்கும்.

"மேடம்," என்றான் பரணிதரன். "ஒரே ஒரு வட்டம்."

பென்சில் முனை தாளில் நின்ற இடத்தில் நின்றது. அழுத்தத்தில் அந்த இடம் சின்னதாகக் கறுத்தது. அவள் கண் உடனே அதையும் வாசிக்கத் தொடங்கியது.